நாய்ப் பயிற்சியே என் தொழில் ஆகலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 27. பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறார். பிடித்தம் போக மாதம் 26,000 ரூபாய் கைக்கு வருகிறது. தாத்தா கோவில்பட்டிப் பக்கம் சிப்பிப்பாறை இன நாய்கள் வளர்த்தவர். இவருடைய சின்ன வயதே நாய்களோடுதான் போயிருக்கிறது. கடந்த 14 மாதங்களாகக் காலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஊரில் பெயர்பெற்ற ஒரு நாய்ப் பயிற்சியாளரிடம் உதவியாளராக இருக்கிறார். அவரை 'மாஸ்டர்' என்றே குறிப்பிடுகிறார். தன்னால் போக முடியாத ஐந்து வீடுகளை மாஸ்டர் இவரிடம் விட்டிருக்கிறார். நாய் ஒன்றுக்கு மாதம் 4,500 ரூபாய். "கிட்டத்தட்ட சம்பளத்தைத் தொட்டுவிட்டேன், வேலையை விட்டுவிடலாமா?" என்பது முதல் கேள்வி.

அடுத்து, 85,000 ரூபாய் கட்டினால் ஆறே வாரத்தில் ஆன்லைனில் 'பிஹேவியரிஸ்ட்', அதாவது நாய் நடத்தை நிபுணர், என்று சான்றிதழ் கொடுக்கிறார்களாம். சேரலாமா என்று கேட்கிறார். மூன்று வருடத்துக்குக் கோவை மாவட்டத்தில் தனியாகத் தொழில் செய்ய மாட்டேன், செய்தால் இரண்டு லட்சம் தருவேன் என்று மாஸ்டர் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அது செல்லுமா என்பது இன்னொரு கேள்வி. அப்பாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. "இன்ஜினியருக்குப் படிக்க வைத்தது நாய் பிடிக்கவா?" என்கிறாராம்.

இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தில்தான் மனதை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறார். இரண்டரை வயது ராட்வைலர் ஒன்று, சாப்பிடும்போது யாராவது தட்டுப் பக்கம் போனால் உறுமும். "நீதான் தலைவன்னு அதுக்குப் புரிய வை" என்று மாஸ்டர் சொல்ல, இவர் ஒவ்வொரு உறுமலுக்கும் சோக் செயினை, அதாவது இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியை, சுண்டி இழுத்திருக்கிறார். மூன்று வாரத்தில் உறுமல் நின்றுவிட்டது. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், கட்டணமும் கைமாறியது. 40 நாள் கழித்து, தட்டைத் தாண்டி நடந்துபோன ஒன்பது வயது மகனின் முன்கையை அந்த நாய் கவ்வியிருக்கிறது. சத்தமே இல்லாமல். இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. நாயை யாரிடமாவது கொடுத்துவிடலாமா, ஊசி போட்டு முடித்துவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். "என்னால்தான் இது நடந்ததா? என் மேல் கேஸ் வருமா?" என்று முடித்திருக்கிறார் நம் வாசகர்.

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதிலிருந்தே நான் தொடங்குகிறேன். நான் கால்நடை மருத்துவர். பல வருடங்களாக நாய்களின் நடத்தைச் சிக்கல்களை மட்டுமே பார்த்துவருகிறேன். என்னிடம் வரும் கடிச் சம்பவங்களில் பெரும்பாலானவற்றில் ஓனர் சொல்லும் முதல் வாக்கியம், "திடீர்னு கடிச்சிடுச்சு டாக்டர்" என்பதுதான். உட்கார்ந்து பேசினால் அது திடீரென்று நடந்ததாக இருக்காது. உங்கள் ராட்வைலரும் திடீரென்று கடிக்கவில்லை.

சாப்பாட்டைப் பறித்துவிடுவார்களோ என்று பயப்படும் நாய் எடுத்த எடுப்பில் உறுமாது. முதலில் மெல்வதை ஒரு கணம் நிறுத்தும், உடம்பு விறைக்கும். அப்புறம் தட்டின் மேல் கவிந்துகொண்டு அவசரமாக விழுங்கும். தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் பார்க்கும், அப்போது கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரியும். இதையெல்லாம் யாரும் கவனிக்காதபோதுதான் உறுமும். அதற்கும் யாரும் விலகவில்லை என்றால் காற்றில் ஒரு கடி, அதற்கும் மேலே போனால் தோலில். "தள்ளிப் போ, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்வதற்கு நாயிடம் இருக்கும் மொழி இவ்வளவுதான். அதில் மனிதக் காதுக்கு எட்டுவது உறுமல் ஒன்றுதான். அதைச் சங்கிலியால் தண்டித்தபோது, உறுமினால் கழுத்து இறுகும் என்று அது கற்றுக்கொண்டது. தட்டைப் பற்றிய பயம் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் கூடியிருக்கும். ஆள் பக்கத்தில் வந்தால் வலிக்கும் என்று 21 நாள் தினமும் அதற்குக் காட்டியிருக்கிறீர்கள். மணிச் சத்தத்துக்கு நாய்க்கு எச்சில் ஊறவைத்த பாவ்லோவை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அதே விதிதான் இங்கேயும் வேலை செய்தது. மணிக்குப் பதில் மனிதர், உணவுக்குப் பதில் வலி.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஆமாம், அந்தப் பயிற்சிக்கு இந்தக் கடியில் பங்கு உண்டு. சொல்வதற்கு எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், பெரியவர்கள் சொன்னபடி ஒரு ஜெர்மன் ஷெப்பர்டைத் தரையில் மல்லாத்தி அமுக்கிப் பிடித்தவள் நான். அந்த நாய் பிறகு வீட்டுப் பாட்டியைக் கடித்தது. அந்த அம்மாவின் கை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உதவியாளர். முறையைத் தீர்மானித்தது மாஸ்டர். 'சரியாகிவிட்டது' என்று வீட்டுக்காரருக்குச் சொன்னதும் அவர்தான்.

மாஸ்டர் சொன்ன 'தலைவன்' கதை எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே இடத்தில் அடைத்துவைத்திருந்த சூழலில் அவற்றின் சண்டைகளைக் கவனித்து எழுதினார். தலைமைக்காக ஓநாய்கள் எப்போதும் மோதிக்கொள்ளும் என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக்கும் தொடக்கத்தில் அதையே எழுதினார். பிறகு கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் பல கோடைக்காலங்கள் காட்டு ஓநாய்களைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, 1999இல் தன் கருத்தையே திருத்திக்கொண்டார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, அவற்றின் குட்டிகள். முன்னால் நடப்பது பெற்றோர். ஓநாய்க்கே பொருந்தாத ஒன்றை, ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதரோடு வாழ்ந்துவரும் நாயின் கழுத்தில் நாம் மாட்டிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் நடத்தையியல் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2021இல் தெளிவாகவே சொல்லிவிட்டது: மூர்க்கம் காட்டும் நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் வெகுமதி சார்ந்த பயிற்சியே போதும், வலியும் அச்சுறுத்தலும் வேண்டாம்.

அந்த நாய்க்கு இப்போது என்ன செய்வது

கடித்துப் பத்து நாள் தாண்டியும் நாய் நலமாக இருக்கிறது என்றால், அந்தக் கடியில் ரேபிஸ் தொற்றவில்லை என்று கொள்ளலாம். ஆனாலும் பையனின் ஊசியை டாக்டர் நிறுத்தச் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. நாய்க்கு இந்த வருடத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அட்டையை வாங்கிப் பாருங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

இன்றிலிருந்தே நாய்க்குச் சாப்பாடு தனி அறையில், கதவைச் சாத்திவிட்டு. சாப்பிட்டு முடித்து நாய் வெளியே வந்து, வேறு இடத்தில் இருக்கும்போதுதான் தட்டை எடுக்க வேண்டும், அதுவும் பெரியவர்கள். பையனும் நாயும் பெரியவர் கண்ணில் படாமல் ஒரே அறையில் இருக்கக் கூடாது. இதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது, வெறும் ஏற்பாடுதான். ஆனால் அடுத்த கடியைத் தடுக்கப்போவது முதலில் இதுதான்.

அடுத்தது உடல் பரிசோதனை. ராட்வைலர்களுக்கு இடுப்பு, முழங்கை மூட்டுக் கோளாறுகள் சகஜம். வலியில் இருக்கும் நாய்க்குப் பொறுமை குறைவு, பல்வலியும் காதுவலியும்கூட இதே வேலையைச் செய்யும். உடுமலைப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கே கொண்டுபோனாலும் "கடிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எப்போது, எங்கே, யார், எவ்வளவு தூரத்தில் என்று எழுதி எடுத்துப் போகச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் தருவார். அதை நீங்கள் பரிந்துரைக்கக் கூடாது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி அது பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை. நாளைக்கு நீங்கள் எவ்வளவு பெரிய பயிற்சியாளர் ஆனாலும் இது மாறாது.

இதெல்லாம் ஆன பிறகுதான் பயிற்சி. அது நீங்கள் செய்ததற்கு நேர் எதிர்த் திசையில் போகும். சாப்பிடும் நாய் எந்த தூரத்தில் விறைக்கிறது என்று பாருங்கள். ஆறடி என்றால் நீங்கள் எட்டடியில் நில்லுங்கள். அங்கிருந்து வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் வீசிவிட்டுத் திரும்பி நடந்துவிடுங்கள். ஆள் வந்தால் இருப்பது பறிபோகாது, இன்னும் நல்லதாக ஒன்று வந்து விழும் என்று அதற்குப் பல நாள், பல தடவை தெரிய வேண்டும். நாய் நிமிர்ந்து வாலைத் தளர்வாக ஆட்டி "துண்டு எங்கே?" என்று பார்க்கும் நாளில் அரை அடி முன்னேறலாம். ஒரு தடவை விறைத்தாலும் இரண்டடி பின்னால் வாருங்கள். பெரியவர்கள் மட்டும் செய்யும் வேலை இது, பையன் இதில் எந்தக் கட்டத்திலும் வேண்டாம். கூடவே, கோழித் துண்டு கொடுத்துக் கொடுத்து, கடிக்க முடியாதபடி வாயில் மாட்டும் வாய்க்கூட்டை நாய் தானாகவே மூக்கை நீட்டி வாங்கிக்கொள்ளும்படி பழக்குங்கள். ஏற்கெனவே கடித்த நாய் என்பதால் இதை நீங்கள் தனியாக எடுத்துச் செய்யாதீர்கள். நடத்தை தெரிந்த மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்யுங்கள்.

யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்ற கேள்வியில் ஒரு ஆபத்து இருக்கிறது. கடித்ததை மறைத்துக் கொடுத்தால் அடுத்த வீட்டில் இன்னொரு குழந்தை அந்தத் தட்டைத் தாண்டி நடக்கும். கொடுப்பதானால் நடந்ததை எழுத்தில் சொல்லி, குழந்தைகள் இல்லாத, விவரம் தெரிந்த வீட்டுக்குத்தான். ஊசி போட்டு முடிப்பது பற்றி நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன். நாயைத் தொட்டுப் பார்த்த மருத்துவரும் குடும்பமும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. ஆனால் காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரிகிற, ஒரே சூழலில் மட்டும் நடந்த கடி என்பதால் முயற்சி செய்துபார்க்க இடம் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

கேஸ் விஷயம். தன் வசத்தில் உள்ள விலங்கால் மற்றவர்களுக்கு ஆபத்து வராமல் கவனம் எடுக்காதவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. இங்கே நாய் வீட்டுக்காரரிடம் இருந்தது, கடிபட்டவன் அவருடைய மகன். அந்தப் பிரிவு உங்கள் மேல் பாயும் என்று எனக்குத் தோன்றவில்லை. பணம் வாங்கிக்கொண்டு 'சரியாகிவிட்டது' என்று சொன்னது சேவைக் குறைபாடு என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவர் புகார் செய்ய முடியும். அந்தக் கேள்வி முதலில் பணம் வாங்கியவரை நோக்கித்தான் வரும். எதற்கும் அந்த மூன்று வார வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: விலங்கைத் தேவையில்லாமல் அடித்து வலி உண்டாக்குவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது 'பயிற்சி' என்ற பெயரில் நடந்தாலும் குற்றம்தான்.

பிஹேவியரிஸ்ட் என்ற பெயர்

இந்தியாவில் நாய்ப் பயிற்சியாளர் ஆக எந்த உரிமமும் வேண்டாம். இன்று காலையில் பலகை மாட்டி மாலையில் தொழில் தொடங்கலாம். அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். அதனால்தான் யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்க முடிகிறது. அங்கே தாங்களாகவே ஒரு ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்ட அமைப்புகள் எப்படி அளக்கின்றன என்று பாருங்கள். சி.பி.டி.டி. என்ற பயிற்சியாளர் சான்றிதழுக்குப் பரீட்சை எழுதவே, முந்தைய மூன்று வருடங்களில் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். அது வெறும் பயிற்சியாளர் என்ற பெயருக்கு. 'பயன்பாட்டு விலங்கு நடத்தையியலாளர்' என்று விலங்கு நடத்தையியல் கழகம் சான்று தர, குறைந்தது முதுகலைப் பட்டமும் கள அனுபவமும் வேண்டும். நடத்தையியல் சிறப்பு மருத்துவர் என்றால், கால்நடை மருத்துவம் முடித்த பிறகு பல வருடப் பயிற்சியும் தேர்வும். இவ்வளவு தூரம் போகிற ஒரு சொல்லை ஆறு வாரத்தில் யாரும் உங்களுக்குக் கொடுத்துவிட முடியாது.

ஆன்லைன் படிப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. நாய் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்ற அடிப்படையை வீட்டிலிருந்தே படிக்கலாம். பணம் கட்டும் முன் அவர்களிடம் சில கேள்விகள் கேளுங்கள். நான் நாயோடு வேலை செய்வதை வீடியோவிலாவது யார் பார்த்துத் திருத்துவார்கள்? நாய் தப்புச் செய்தால் என்ன செய்யச் சொல்லித்தருவீர்கள்? பரீட்சையில் யாராவது தோற்றிருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் அந்த 85,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், ஒரு கால்நடை மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் வரவேற்பறையில் உட்கார அனுமதி கேட்பேன். மேஜையில் ஏற்றப்படும் நாய் எப்படி உதட்டை நக்குகிறது, எப்படிக் கொட்டாவி விடுகிறது, எந்த நொடியில் உறைந்துபோகிறது என்று மூன்று மாதம் பார்த்தாலே பல புத்தகங்களுக்குச் சமம். தெருநாய்களை மீட்டு வைத்திருக்கும் காப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போங்கள். பிறந்து ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரையிலான காலத்தில் மனிதரையும் சத்தத்தையும் பார்க்காமல் போன குட்டி எப்படி வளர்கிறது என்பது அங்கே கண்ணெதிரே தெரியும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் நல்ல பயிற்சியாளருக்கு மிகப் பெரிய வேலை காத்திருப்பது இந்த வயதுக் குட்டிகளிடம்தான். தடுப்பூசி முடியும்வரை வெளியே எடுக்கவே கூடாது என்று நான்கு மாதம் வீட்டுக்குள் பூட்டிவைக்கிறார்கள். பிறகு ஆட்டோ ஹாரனுக்கும் குடைக்கும் நடுங்குகிற நாயை என்னிடம் கொண்டுவருகிறார்கள். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆன குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, தெருநாய்கள் நடமாடும் மண்ணில் விடாமல், கடைத்தெருவையும் பள்ளி விடும் நேரத்துச் சத்தத்தையும் காட்டலாம். இதைச் செய்துகொடுக்க ஆள் கிடையாது. கடிக்கும் ராட்வைலரைத் திருத்துபவர் என்ற பெயரைவிட, குட்டிகளை நன்றாக வளர்க்கச் சொல்லிக்கொடுப்பவர் என்ற பெயரை முதலில் சம்பாதியுங்கள்.

ராணுவம், காவல்துறைப் பயிற்சி பற்றியும் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். மீரட்டில் ராணுவத்தின் கால்நடைப் பிரிவான ஆர்.வி.சி.யின் மையமும், குவாலியருக்குப் பக்கத்தில் டேக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேசிய நாய்ப் பயிற்சி மையமும் உண்டு. அவை படையில் இருப்பவர்களுக்காக நடப்பவை. ஓய்வுபெற்று வரும் நல்ல ஹேண்ட்லர்களிடம், அதாவது நாயைக் கையாள்பவர்களிடம், கற்க நிறைய இருக்கிறது. ஆனால் அங்கே தேர்ந்தெடுத்த நாய், ஒரே ஹேண்ட்லர், நாள் முழுக்க அதே வேலை. அபார்ட்மென்ட்டில் ஐந்து பேர் வளர்க்கும் லேப்ரடார் நாய்க்கு அந்த முறையை அப்படியே கொண்டுவர முடியாது.

"மனுஷங்களோடு பேசுவதுதான் கஷ்டம்"

கடிதத்தின் நடுவில், "நாய்கள் மேல் எனக்கு உயிர். மனுஷங்களோடு பேசுவதுதான் கஷ்டம், அதனால்தான் இந்தத் தொழில்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதை ஒரு தகுதியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்த வரி அதுதான்.

ஒரு வீட்டில் லேப் ஒன்று சாப்பாட்டு நேரமெல்லாம் குரைத்துக்கொண்டே இருந்தது. இரண்டு ட்ரெயினர்கள் வந்து போய்விட்டார்கள். நான் போனபோது நாயைப் பார்க்கவில்லை, மேஜையைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தேன். நாய் குரைத்ததும் பாட்டி மேஜைக்குக் கீழே ஒரு இட்லித் துண்டை நீட்டினார். பாசத்தில்தான் செய்தார். அந்தப் பாட்டியோடு முக்கால் மணி நேரம் பேசினேன். "அது சத்தம் போடாமல் படுத்திருக்கும்போது கொடுங்கள், இட்லியை நிறுத்த வேண்டாம்" என்றேன். அவருக்கும் மனக்கஷ்டம் இல்லை, நாய்க்கும் நஷ்டம் இல்லை. சில வாரங்களில் சத்தம் அடங்கிவிட்டது. இன்னொரு வீட்டில் அப்பா 'சிட்' என்பார், அம்மா 'உக்காரு' என்பார், மகள் 'சிட் டவுன்', வேலைக்கு வரும் அக்கா 'ஏய், அங்க போ'. நாய் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படுத்துவிடும். அந்த நாய் 'சொன்ன பேச்சு கேட்காது' என்றுதான் என்னிடம் வந்தது.

நாய் உங்களோடு வாரத்தில் மூன்று மணி நேரம்தான் இருக்கும். மிச்ச நேரமெல்லாம் அந்தக் குடும்பத்தோடு. குடும்பத்துக்குச் சொல்லித்தராத பயிற்சி நீங்கள் கேட்டைத் தாண்டியதும் போய்விடும். பேசக் கூச்சமாக இருந்தால் அதையும் கற்றுக்கொள்ளலாம், நானும் கற்றுக்கொண்டதுதான். முதல் சந்திப்பில் நாயைத் தொடாதீர்கள். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, "நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை இந்த நாய் என்ன செய்தது?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறுக்கே பேசாமல் கேட்பதிலேயே பாதி வேலை நடந்துவிடும்.

கணக்கும் காகிதமும்

ஐந்து நாய், 22,500 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோல், ட்ரீட், வண்டித் தேய்மானம் இதில் கழியவில்லை. கம்பெனி கட்டும் பி.எஃப். இங்கே இருக்காது. ஒரு நாய்க்கு இரண்டு மூன்று மாதத்தில் பயிற்சி முடிந்துவிடும், அப்புறம் புதிய வீடு தேட வேண்டும். வேலை நேரம் விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான். ஏப்ரல், மே வெயிலில் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். பக், புல்டாக் மாதிரி மூக்குச் சப்பை நாய்களுக்கு அந்தச் சூடு உயிருக்கே ஆபத்து. அந்த மாதங்களில் வருமானம் படுத்துவிடும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த ஐந்து வீடுகளும் உங்கள் வாடிக்கையாளர்கள் இல்லை. மாஸ்டர் பெயரை நம்பி வந்தவர்கள்.

அதனால் இப்போது வேலையை விடாதீர்கள். ஷிஃப்டுக்கு முன்னால் காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை இரண்டு வீடு, உங்கள் பெயரில், உங்கள் முறையில். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் சேரட்டும். உங்களால் பயன்பெற்ற வீட்டார் சொல்லிப் புதியவர்கள் தொடர்ந்து ஒரு வருடம் வரட்டும். அதன் பிறகு யோசியுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், செய்துவைத்துக்கொள்ளுங்கள். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம். நாயை வாங்கி வைத்துப் பயிற்சி கொடுக்கும் போர்டிங் வேலையில் மட்டும் ஆரம்பத்திலேயே இறங்காதீர்கள். ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தன் பொருள் போலக் கவனமாகப் பார்க்கும் கடமை 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவில் உங்கள் மேல் விழும். சட்டத்தின் கண்ணில் நாயும் அப்படி ஒப்படைக்கப்பட்ட ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு உப்பிய ஒரு நாயை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய தொழில் அது.

முத்திரைத்தாள் விஷயத்தை வழக்கறிஞரான என் தோழியிடம் கேட்டேன். ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி அந்த அளவுக்குச் செல்லாது என்கிறார். நீங்கள் விலகிய பிறகும் மூன்று வருடம் ஊரில் தொழிலே செய்யக் கூடாது என்ற நிபந்தனைக்கு அதனால் பலமில்லை. அவரிடம் இருக்கும்போதே அவருக்குப் போட்டியாகத் தொழில் செய்வது வேறு விஷயம். அந்தக் காலத்துக்கான தடை செல்லக்கூடும். அவருடைய வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துப் பயன்படுத்துவதும் சிக்கலில் கொண்டுபோய் விடும். அதனால் முதலில் எழுத்தில் சொல்லி விலகுங்கள். அந்த ஐந்து வீடுகளையும் மாஸ்டரிடமே ஒப்படையுங்கள். தாளின் நகலை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

ஒரு ஊசி பாக்கி இருக்கிறது. நாய்களோடு வேலை செய்பவர்கள் கடிபடும் முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நம் நாட்டு வழிகாட்டுதலில் அது மூன்று தவணை: முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள். 14 மாதமாக இதில் இருக்கிறீர்கள், அதைப் பற்றி ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. இந்த வாரமே போட ஆரம்பியுங்கள். அதற்குப் பிறகும் கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். முன்பே முழுதாகப் போட்டவருக்கு அப்போது இரண்டு தவணை போதும்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். அவருடைய அப்பா சிப்பிப்பாறை வளர்த்தவர் என்கிறீர்கள். தாத்தா நாயை எப்படிப் பழக்கினார், அடித்தாரா, எதைச் சாப்பிடக் கொடுத்தார் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்கே உபயோகப்படுகிற தகவல் கிடைக்கும். நீங்கள் எதில் இறங்கப் பார்க்கிறீர்கள் என்பது அவருக்கும் புரிய ஆரம்பிக்கும்.

அதற்கு முன் அந்த ராட்வைலர் வீட்டுக்குப் போங்கள். மாஸ்டரைக் குறை சொல்ல வேண்டாம். "நான் செய்த முறை தப்பு, அதை இப்போதுதான் புரிந்துகொண்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பணம் கேட்காதீர்கள். நாய்ச் சாப்பாட்டுக்குத் தனி அறை ஏற்பாட்டை நீங்களே நின்று செய்துகொடுங்கள். சோக் செயினைக் கழற்றி வாங்கிக்கொண்டு வாருங்கள். போனதும் முதலில் அந்தப் பையனிடம் கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவன் நாயைப் பார்த்துப் பயப்படுகிறான் என்றால் அதையும் எனக்கு எழுதுங்கள், அவனுக்கும் நாம் ஏதாவது செய்ய வேண்டும்.